ரியாத்துக்குப் போகாத நெரிசா

நெரிசா ரியாத்துக்குப் போய் நாலு மாதம் ஆகிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அவளோ மணிலாவைத் தாண்டவே இல்லை. மலாத்தே பக்கம் ஒரு சந்தில், அரபு நாட்டு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஆபீசுக்கு மேல் மாடியில், பதினாலு பெண்களோடு பதினைந்தாவதாக, அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் கிடந்தாள்.

வீட்டு வேலைக்காவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு. இந்தப் பொய்க்கு அதுவும் இல்லை. மணிலாவில் காலை பத்து மணி என்றால் ரியாத்தில் விடிகாலை ஐந்து. அதனால் மத்தியானம் வரைக்கும் புருஷனுக்கு ஒரு வரி அனுப்பக் கூடாது. பேசுவதென்றால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சந்தில் டோஃபு விற்கிறவன் 'தாஹோ' என்று இழுத்துக் கூவுவான், ஷேர் ஜீப் ஓட்டுகிற ஜீப்னிக்காரன் ஹாரன் அடிப்பான், எல்லாம் ஃபோனில் கேட்டுத் தொலைக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் தொண்டையைத் திறந்துவிட்டது.

"என்னடி, அரபிக்காரன் வீட்ல சேவல் கூவுது?" என்றான் அவள் புருஷன் டமியான்.

"ஏன், அவங்க கோழி திங்க மாட்டாங்களா?" என்றாள் நெரிசா. அவன் சிரித்தான். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

இந்த இடத்தில் அவளைத் திட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் எங்கள் சமார் தீவு ஜனங்களைத் தெரிந்துகொண்டு திட்டுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஒருத்தர் கிளம்புகிறார் என்றால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. வழியனுப்பு விருந்து வைக்காமல் அனுப்பினால் போகிற இடத்தில் விளங்காது என்கிற மாதிரி ஒரு பயம். வேலைக்குப் போகிறவர் நாட்டை விட்டுக் கிளம்ப அரசாங்கம் ஒரு சான்று கொடுக்கிறது. அது இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். அந்தச் சான்று கைக்கு வந்த பிறகு பன்றியை வெட்டினால் என்ன கேடு? யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏஜென்சிக்காரி வாயைத் திறந்து ஒரு தேதி சொன்னால் போதும், இங்கே கத்தியைத் தீட்டிவிடுவார்கள்.

நெரிசாவுக்கும் அதுதான் நடந்தது. 'பன்னிரண்டாம் தேதி ஃபிளைட்' என்று ஏஜென்சிக்காரி மேடம் டிவினா ஃபோனில் சொன்னாள். பத்தாம் தேதி டமியான் வீட்டுப் பன்றி கம்பியில் சுழன்றது. தெருவே வந்து தின்றது. பாட்டு மெஷினை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பாடினார்கள். வார்டு உறுப்பினர் தன் செலவில் ஃப்ளெக்ஸ் வைத்தார்: நெரிசாவின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு, பக்கத்தில் விமானம், கீழே அவருடைய முகம் அதைவிடப் பெரிதாக. சர்ச் சாமியார் வந்து தலையில் தண்ணீர் தெளித்தார். பஸ் கிளம்பும்போது அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அழவில்லை. ஊரே கை தட்டிக்கொண்டிருந்ததால் அவர்களும் தட்டினார்கள்.

மணிலாவுக்கு வந்து இறங்கினால், "ஒப்பந்தத்துல ஒரு கையெழுத்து பாக்கி, ஒரு வாரம் பொறு" என்றாள் மேடம். பிறகு, "அந்த வீட்டுக்காரி மனசு மாறிட்டா, வேற வீடு பாக்கறேன்" என்றாள். அடுத்து நோன்பு மாதம் என்றாள். அதற்குள் அவளுடைய மருத்துவச் சான்று காலாவதியாகி, மறுபடி ரத்தம், மறுபடி மூத்திரம், மறுபடி எக்ஸ்ரே. பாஸ்போர்ட் மேடத்தின் இரும்பு பீரோவில். பயிற்சி என்ற பெயரில் மாடியில் இருந்த பெண்கள் முறை வைத்து மேடம் வீட்டுத் துணிகளைத் துவைத்தார்கள், மேடத்தின் நாயைக் குளிப்பாட்டினார்கள்.

முதல் வாரமே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு? தின்ற பன்றியை ஊரார் வயிற்றிலிருந்து திரும்ப வாங்கவா முடியும்? அடுத்த வாரம் எப்படியும் போகத்தானே போகிறோம், அதற்குள் எதற்கு ஊர் வாயில் விழ வேண்டும் என்று நினைத்தாள். 'வந்து சேர்ந்துட்டேன், நல்ல வீடு' என்று டமியானுக்கு ஒரு வரி அனுப்பினாள். அவ்வளவுதான் செய்தாள். மற்றதெல்லாம் அந்த ஒரு வரி தானாகவே செய்துகொண்டது. சம்பளம் எங்கே என்று டமியான் கேட்டால், ஆறு மாதம் சேர்த்து மொத்தமாகத் தருவார்கள் என்று அதுவே பதிலும் சொன்னது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டெலிசாவின் செய்தி வந்தது. டெலிசா டமியானின் தங்கை. இருபத்தெட்டு வயது. ஊர் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிற நர்சுக்கு உதவியாள். அந்த வேலைக்காக ஆறு வருஷம் முனிசிபல் ஆபீசில் நடையாய் நடந்தவள்.

'அண்ணி, பஸ் ஏறிட்டேன். உங்களுக்கு சர்ப்ரைஸ். உங்க ஏஜென்சிக்குத்தான் போறேன். நாளைக்குக் காலைல பாஸ்போர்ட்டைக் கொடுத்துடுவேன். உங்க பேரைச் சொன்னதும் மேடம் உடனே வரச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை ஊருக்குத் திரும்பி வேலைய ராஜினாமா பண்ணிடறேன்.'

நெரிசா எழுந்து உட்கார்ந்தாள். மணியைக் கூடப் பார்க்காமல் தட்டினாள்.

'வராதே. இங்க ரொம்பக் கஷ்டம். திரும்பிப் போ.'

'கஷ்டம் எங்க இல்ல அண்ணி?'

'அந்த வேலைய விடாதே. ஆறு வருஷம் அலைஞ்சு வாங்கின வேலை. விட்டா இன்னொருத்திக்குப் போயிடும்.'

 பதில் சுருக்கென்று வந்தது. 'நீங்க மட்டும் முன்னுக்கு வரணும், நான் இங்கயே கிடந்து பிரசவத் துணி அலசணுமா? நீங்க இப்படின்னு நான் நினைக்கல.'

நெரிசா பல்லைக் கடித்துக்கொண்டு வேறு வழியில் போனாள். 'சரி, வா. ஆனா முதல்ல அரசாங்க ஆபீஸ் பட்டியல்ல இந்த ஏஜென்சி பேரு இருக்கா, இந்த வேலைக்கு அனுமதி இருக்கான்னு பாரு. வீட்டு வேலைக்குப் போறவங்ககிட்ட யாரும் கமிஷன் வாங்கக் கூடாது, அதையும் பாரு. பாத்துட்டு அப்புறம் கொடு.'

'நீங்க போனதே அவங்க மூலமாத்தானே? உங்களைவிட என்ன பட்டியல்?'

நெரிசா ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஊரை ஏய்க்கச் சொன்ன பொய் இப்போது ஏஜென்சிக்குச் சான்றிதழாக நின்றது. மேடத்துக்கு இப்படி ஒரு விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

மேடம் அவளைக் கீழே கூப்பிட்டனுப்பினாள். டிவினா குரலை உயர்த்துகிற ரகம் இல்லை. நாற்காலியைக் காட்டினாள். பிஸ்கட் தட்டைக் கூட நகர்த்தி வைத்தாள்.

"உன் நாத்தனார் நாளைக்கு வர்றா. நெரிசா எப்படி இருக்கான்னு ஃபோன்ல கேட்டா. நான் என்ன சொல்றது? நல்லா இருக்கா, வீட்டுக்காரங்களுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு சொன்னேன். உன் மானத்தைக் காப்பாத்தத்தான்."

"மேடம், அவ வேலைல இருக்கற பொண்ணு."

"இப்ப உனக்கு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன்." மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, தூரத்தில் வைத்தே ஆட்டிக் காட்டினாள். "பதினெட்டாம் தேதி. டிக்கெட். உன் பேரு. ரியாத்."

நெரிசா கையை நீட்டினாள். தாள் மறுபடி இழுப்பறைக்குள் போய்விட்டது.

"நாளைக்கு ஒரு நாள் மாடிய விட்டு இறங்காம இரு. அவ்வளவுதான் நான் கேக்கறது. இறங்கினேன்னு வை, உன்னை அனுப்பறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து?"

நெரிசா பிஸ்கட்டைத் தொடாமல் மாடி ஏறினாள். பதினெட்டாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. எட்டு நாளில் பொய் நிஜமாகிவிடும். ரியாத்தில் இறங்கிய நிமிஷமே நாலு மாதக் கதை முழுவதும் நடந்த கதை ஆகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வேண்டியதெல்லாம் ஒரு காலைப் பொழுது வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பது. இந்த நாலு மாதத்தில் அவள் நன்றாகப் பழகிய வேலை அது.

மேல் கட்டிலில் கிளெமென்சியா அக்கா காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். குவைத்தில் எட்டு வருஷம் இருந்தவள், ஐம்பதை நெருங்குகிறவள். வயது அதிகம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரியும் தள்ளிவிட, ஏழு மாதமாக இங்கே கிடக்கிறாள். நெரிசா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தத் தாள் டிக்கெட்தானா அக்கா?"

"எனக்கும் ஒண்ணு காட்டினா, ஜூலைல. டிக்கெட்டா இருக்கும், கரண்ட் பில்லாவும் இருக்கும்."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா இருந்தா இழுத்துப் போத்திட்டுத் தூங்குவேன். எனக்கு நாத்தனார் கிடையாது." நகத்துண்டை ஊதித் தள்ளினாள். "ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அவ பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் மேடம் அவளை எங்க படுக்க வைப்பா? இங்கதான். கதவைத் திறந்துட்டுப் பையோட வருவா. அப்ப நீ கட்டிலுக்கு அடியிலயா ஒளிஞ்சுப்பே?"

இதை நெரிசா யோசிக்கவே இல்லை. மேடம் யோசித்திருப்பாள். அந்த எட்டு நாளைக்கு நெரிசாவை வேறு எங்காவது தள்ளிவிடுவாள், இல்லை, கூப்பிடும்போது வா என்று டெலிசாவை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். பாஸ்போர்ட்டும் ராஜினாமாவும் போன பிறகு டெலிசா எங்கே இருந்தால் என்ன?

காலை எட்டரைக்கு டெலிசா வந்துவிட்டாள். படிக்கட்டின் வளைவிலிருந்து நெரிசாவுக்கு அவளுடைய முதுகு தெரிந்தது. ஒரு ராத்திரி, ஒரு கடல், நானூறு மைல் கடந்து வந்த முதுகு. சட்டை கசங்கியிருந்தாலும் தலையை நனைத்து வாரியிருந்தாள். மடியில் பழுப்பு உறை. காலடியில் ஒரு அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது. கூடத்தில் இன்னும் ஆறு புதுப்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது அண்ணிக்கு மேடம்," என்று பெட்டியைக் காட்டினாள் டெலிசா. "கருவாடும் இறால் விழுதும். அண்ணன் கட்டிக் கொடுத்தாரு. அடுத்தாப்ல யாராவது ரியாத் போனா கொடுத்தனுப்ப முடியுமா?"

"ஓ, அதுக்கென்ன, கொடுத்தனுப்பிடலாம்," என்றாள் மேடம் டிவினா. "பாஸ்போர்ட் கொண்டு வந்தியாம்மா?"

நெரிசா இன்னும் வளைவிலேயே நின்றாள். கையில் துடைப்பம் இருந்தது, தரை பெருக்கும் முறை அன்று அவளுடையது. மேலே போனால் பதினெட்டாம் தேதி. கீழே போனால் டமியான், பிள்ளைகள், சாமியார், வார்டு உறுப்பினர், பாட்டுப் பாடிய அத்தனை வாய்கள். அவளுக்கு வீரம் எல்லாம் ஒன்றும் வரவில்லை. அலுப்புதான் வந்தது. இன்னொருத்தியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இந்தப் பொய்யைச் சுமக்க உடம்பில் தெம்பில்லை. டெலிசாவின் கை உறைக்குள் போனதைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

மேடம்தான் முதலில் பார்த்தாள். பார்த்த கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. "அடடே, உனக்கு அதிர்ஷ்டம் பாரு! உங்க அண்ணி லீவுல வந்திருக்கா. நேத்துதான் இறங்கினா. உன்னைத் திகைக்க வைக்கலாம்னு நான்தான் சொல்லாம வெச்சிருந்தேன்."

டெலிசா திரும்பினாள். முகம் மலர்ந்தது. "அண்ணி!" என்று எழுந்தாள். துடைப்பத்தைப் பார்த்தாள், பழைய வீட்டுச் சட்டையைப் பார்த்தாள், அதற்குப் பிறகும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். நெரிசா ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும்.

"லீவு இல்ல டெலிசா. ரியாத்தை நான் கண்ணால பாத்ததில்ல. நாலு மாசமா இந்த மாடியிலதான் கிடக்கேன். பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே."

 டெலிசா மேடத்தைப் பார்த்தாள், மறுபடி நெரிசாவைப் பார்த்தாள்.

"நாலு மாசமா?"

"ஆமா."

"அந்த வீட்டுக்காரம்மா? அந்த இரட்டைக் குழந்தைங்க? ஒரு குழந்தைக்குப் பல்லு முளைச்சிருச்சுன்னு சொன்னியே?" 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டது அவளுக்கே தெரியவில்லை. "எங்க அண்ணன் அந்தக் குழந்தைங்களுக்காகக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினான்டி."

நெரிசா வாங்கிக்கொண்டாள்.  அந்தக் குழந்தைகளுக்குப் பேர் கூட வைத்திருந்தாள்.

மேடம் டிவினா எழுந்து பீரோவைத் திறந்தாள். அப்போதும் கத்தவில்லை. ஆறு புதுப்பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா, இந்த இரண்டு பேரையும் வெளியே தள்ளினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. நெரிசாவின் பாஸ்போர்ட்டை மேசைமேல் எறிந்தாள். "எடுத்துக்கிட்டு ஒழிஞ்சு போ. நன்றி கெட்ட ஜென்மம். பதினெட்டாம் தேதி உன் சீட்ல வேற ஒருத்தி உக்காருவா, நினைச்சுக்கோ." இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், குப்பைக்கூடையில் போட்டாள். அது டிக்கெட்டா, கரண்ட் பில்லா என்பது நெரிசாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிற்று. கூடைக்குள் குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புதுப்பெண்களில் மூன்று பேர் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். இத்தனை தூரம் வந்தாகிவிட்டது, ஒருவேளை நமக்காவது கிடைக்குமோ என்னவோ என்று நினைத்திருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜீப்னியில் டெலிசா அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு வேலைகளைக் கவனிக்கிற அரசாங்க ஆபீசில் இறங்கி, எண் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புகார் எடுக்கிற பெண் ஏஜென்சியின் பேரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். அந்த உரிமம் போன வருஷமே முடிந்துவிட்டது என்றாள். மாடியில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். நெரிசா பதினாலு பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், கிளெமென்சியா அக்காவின் பெயரை முதலில்.

பெஞ்சுக்கு வந்து டமியானைக் கூப்பிட்டாள். குளியலறை இல்லை, சாத்துவதற்குக் கதவும் இல்லை, இரண்டு பக்கமும் ஜனங்கள்.

"டமியான். நான் மணிலாவுல இருக்கேன். ஆரம்பத்துலேர்ந்தே இங்கதான் இருக்கேன்."

டெலிசா ஏற்கெனவே சொல்லியிருப்பாளோ என்று அவளைப் பார்த்தாள். டெலிசா இல்லை என்று தலையாட்டினாள்.

 "ரியாத் வெயில் எப்படின்னு படகுத்துறைல எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தேன்டி," என்றான் டமியான். "நேத்துக்கூடச் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? நான் எப்படிடி இனிமே துறைக்குப் போவேன்?"

"நீ எதுவும் சொல்ல வேணாம். நான் வந்து சொல்லிக்கறேன்."

"ஆமா. நீயே வந்து சொல்லு. பிள்ளைங்ககிட்டயும் நீயே சொல்லு. என்னால முடியாது." வைத்துவிட்டான்.

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டெலிசா அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். பிறகு எழுந்து போய் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்தாள். எந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறது, எந்த நாட்டில் எத்தனை பேருக்கு அனுமதி வந்திருக்கிறது என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். திரும்பி வரும்போது கையில் வேலைக்கு விண்ணப்பிக்கிற இரண்டு படிவங்கள் இருந்தன.

"நான் போகத்தான் போறேன்," என்றாள். "இதெல்லாம் பாத்துட்டு பயந்துடுவேன்னு நினைக்காதே. திங்கக்கிழமை வேலைய ராஜினாமா பண்ண மாட்டேன், அவ்வளவுதான். அரசாங்கச் சான்று கைக்கு வரட்டும்."

"போ. யாரு வேணாம்னா?"

"பஸ் சாயங்காலம்தான். அதுவரைக்கும் இங்க உக்காந்து என்ன பண்ணப்போறே?" ஒரு படிவத்தை நெரிசாவின் மடியில் வைத்தாள். "எழுது."

நெரிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு மருத்துவச் சோதனை, இன்னொரு நேர்காணல், இன்னொரு கூடத்தில் இன்னொரு பெஞ்சு. நினைக்கும்போதே தோள் கனத்தது. ஆனால் ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், டமியானின் படகில் இந்த வருஷம் பாதி நாள் மீன் இல்லை. அதற்காகத்தான் முதல் தடவையும் கிளம்பினாள். அந்தக் காரணம் மட்டும் எங்கேயும் போய்விடவில்லை.

டெலிசாவிடம் பேனாவை வாங்கினாள். பெயர், ஊர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். மடமடவென்று எழுதிக்கொண்டு போனாள். பாதிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது: இதற்கு முன் வெளிநாட்டில் வேலை பார்த்ததுண்டா, உண்டென்றால் எந்த நாடு, எத்தனை மாதம்?

பேனா நின்றது. பக்கத்தில் டெலிசா தன்னுடையதை எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுடைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெரிசா 'இல்லை' என்று எழுதினாள். எழுத்து கட்டத்தை மீறிப் பெரிதாக விழுந்துவிட்டது. அதை அழிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.